குகைக்குப் போன கோணிப் பை

1957-ஆம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் ஆறுமுகம் இடது கையைக் கழுத்தோடு சேர்த்துத் தூளி கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். கையில் ஒரு கோளாறும் கிடையாது. கட்டிவிட்டது அவன் தங்கை பூங்காவனம். பஸ் எவ்வளவு குலுக்கினாலும் முடிச்சு நழுவாமல் நிற்கிறதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். மாலைவரை அவிழ்க்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. ஆறுமுகம் பொதுப்பணித் துறையில் நிலம் அளக்கும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆள். அன்றைக்கு முழுக்க ஒற்றைக் கையால் சங்கிலி பிடித்தான். கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பொய் சொன்னான். வீடு திரும்பியதும் தங்கை முதலில் முடிச்சைத்தான் பார்த்தாள், அண்ணன் முகத்தை அப்புறம்தான். முடிச்சு நழுவவில்லை. சந்தோஷத்தில் அவனுக்கு ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்துப் போட்டாள்.

பூங்காவனத்துக்கு அப்போது இருபத்தேழு வயது. தீவின் மேட்டுப் பகுதி ஊரான கியூர்பிப்பில் மிசியே ரொலானின் மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்று மாத்திரை எண்ணிக் கொடுக்கிற வேலை. மாலை நேர வகுப்புக்குப் போய் முதலுதவிப் பரீட்சையில் தேறியிருந்தாள். முறிந்த எலும்புக்கு எட்டு விதமாகக் கட்டுப் போடத் தெரியும். ஆனால் கட்டுப் போட எலும்பு ஒன்று முறிந்தால்தானே? கியூர்பிப்பில் வருஷம் முழுக்க மழை. ஊர்க்காரர்களுக்கு வருவதெல்லாம் சளியும் இருமலும்தான். படித்ததெல்லாம் வீணாகப் போகிறதே என்று அவளுக்கு ஆதங்கம். பக்கத்து வீட்டுப் பையன் மரத்திலிருந்து விழுந்தான் என்று கேள்விப்பட்டு ஒருநாள் பையோடு ஓடினாள். அவன் எழுந்து நின்று கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தான். அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது; அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

இப்படி இருக்கையில்தான் ராமசந்திரன் கடைக்கு வந்தார். ஒரு கல்லூரியில் பூகோளம் சொல்லிக் கொடுப்பவர். ஞாயிறானால் ஆறுமுகத்தையும், தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிற மார்செலையும் கூட்டிக்கொண்டு மலை, காடு என்று நடக்கக் கிளம்பிவிடுவார். அயோடின் ஒரு சீசாவும் கொஞ்சம் பஞ்சும் கேட்டார். எங்கே பயணம் என்று மிசியே ரொலான் விசாரிக்க, பாம்பூவுக்கு, கரும்புக் காட்டுக்குள் இருக்கிற எரிமலைக் குகைக்கு என்றார். ஒரு காலத்தில் நெருப்புக் குழம்பு ஓடிய வழி அது. மேல்பக்கம் ஆறி இறுகிவிட, உள்ளே இருந்தது வழிந்தோடிப்போய், நீளமான சுரங்கம் மட்டும் மிஞ்சிவிட்டது. கீழே முனீஸ்வரன் கல் இருக்கிற வாசலில் நுழைந்தால், மேலே குன்றில் இருக்கிற பள்ளத்தில் வெளியே வர முடியுமா என்று பார்க்கப் போகிறார்களாம்.

பூங்காவனத்தின் கையில் எண்ணிக்கொண்டிருந்த மாத்திரை அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் குகையை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் பிறந்தது பாம்பூவில். அப்பா தோட்டத்தில் கரும்பு வெட்டியவர். 1938-இல், வேலைநிறுத்தம் மூண்டு போலீஸ் வீடு வீடாக ஆள் தேடியபோது, அவர் அந்த முனீஸ்வரன் வாசலுக்குள் ஓடி ஒளிந்தார். இரண்டு நாள் ஆளைக் காணோம். மூன்றாம் நாள் குன்றுப் பக்கமிருந்து நொண்டிக்கொண்டு வந்தார். வலது பாதம் நார்நாராகக் கிழிந்திருந்தது. அம்மா மஞ்சளை அரைத்து வைத்துக் கட்டினாள். வீட்டில் வேறு மருந்து இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துவிடுவார்கள். காயம் சீழ் வைத்து, கடைசியில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது. அப்போது பூங்காவனத்துக்கு எட்டு வயது. அந்தப் பாதத்தைப் பார்த்தவள் அதை மறக்கவில்லை. மருந்துக்கடையில் வேலை தேடியதும் அதனால்தான்.

ஆனால் ஊர் பேசியது பாதத்தைப் பற்றி அல்ல. கீழ்வாசலில் நுழைந்து இருட்டிலேயே நடந்து, மேலே தொங்கிய ஒரு வேரைப் பிடித்துக் குன்றில் ஏறி வந்தேன் என்று அப்பா சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. வாசல் கல்லுக்குப் பின்னாலேயே பதுங்கிக் கிடந்துவிட்டுக் கதை விடுகிறான் என்றார்கள். அப்புறம் பாம்பூவில் யார் புளுகினாலும், "என்ன, வேரப் புடிச்சு ஏறினியா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஆறுமுகத்தை அப்படிக் கேட்டுக் கேட்டே அழவைத்தார்கள். ஒரு கட்டத்தில் அவனும் அப்பாவை நம்புவதை விட்டுவிட்டான். அப்பா கடைசிவரை தான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. புளுகன் என்ற பெயரோடுதான் போய்ச் சேர்ந்தார்.

ஆகவே பூங்காவனம் ராமசந்திரனிடம் சொன்னாள்: ஒரு சீசா அயோடினை வைத்துக்கொண்டு குகைக்குள் போவது பைத்தியக்காரத்தனம், முதலுதவிப் பொறுப்பைத் தன்னிடம் விட்டுவிட வேண்டும், தானும் வரவேண்டும். மிசியே ரொலான் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ராமசந்திரன் நல்ல மனிதர்தான், ஆனால் விதி என்றால் விதி. வரலாம் என்றார். ஆனால் பையும் அவளும் வாசலிலேயே நிற்க வேண்டும். உள்ளே ஆபத்தென்றால் மூன்று விசில் கேட்கும். லாரி ஓட்டி வருகிற ஆள், போல் என்று பெயர், பையை உள்ளே கொண்டுவருவான். பெண்பிள்ளையைக் குகைக்குள் விட்டுவிட்டு ஊருக்குப் பதில் சொல்ல அவரால் ஆகாதாம். பூங்காவனம் சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை ஆறுமுகம் பார்த்திருந்தால் அப்போதே உஷாராகியிருப்பான்.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. சர்க்கரை மூட்டைக் கோணியை வெட்டி, முதுகில் மாட்டுகிற மாதிரி ஒரு பை தைத்தாள். உள்ளே அறை அறையாகப் பிரித்து, எதை எங்கே வைத்தோம் என்று தடவிப் பார்த்தே எடுக்கும்படி ஒவ்வொரு அறைக்கும் ஒரு பொத்தான்: பெரிய பொத்தான் என்றால் சுருள் துணி, சின்னப் பொத்தான் என்றால் மருந்து. பழைய வேட்டிகளைக் கொதிக்க வைத்து, உலர்த்தி, முக்கோணமாக வெட்டினாள். தேயிலைப் பெட்டியை உடைத்து, கை கால் முறிவுக்கு வைத்துக் கட்ட மெல்லிய பலகைகள் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். மயக்கத்துக்கு நெடி உப்பு, தலையடிக்கு, கண்ணில் தூசிக்கு, தீக்காயத்துக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். அதிர்ச்சிக்குக் கொஞ்சம் ரம் இருக்கட்டும் என்று மிசியே ரொலான் ஒரு குட்டி சீசாவைக் கொடுத்தார். ரம் கூடாது என்று பாடத்தில் படித்திருந்தாள். முதலாளி கொடுத்ததை எப்படி மறுப்பது என்று அதையும் வைத்துக்கொண்டாள்.

குகையில் விளக்கு அணைந்துவிட்டால்? அந்த யோசனை வந்ததும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலை எல்லாம் சாத்தி, விளக்கை ஊதி அணைத்துவிட்டு, அண்ணனை உட்காரவைத்துக் கட்டுப் போட்டுப் பழகினாள். முதல் முறை கட்டு அவன் காலுக்குப் பதில் நாற்காலிக் காலில் விழுந்தது. இரண்டாம் முறை அவன் மீசை உள்ளே மாட்டிக்கொண்டது. கடைசியில் இருட்டில் கை தானாக ஓட ஆரம்பித்தது. முழங்காலுக்குக் கட்டினாள், முழங்கைக்குக் கட்டினாள், தலைக்கு, தாடைக்கு, கணுக்காலுக்குக் கட்டினாள். உச்சந்தலை முதல் கணுக்கால் வரை அண்ணன் உடம்பில் அவள் கட்டாத இடம் இல்லை. கணுக்காலோடு நின்றுவிட்டோம் என்பது மட்டும் அவளுக்கும் உறைக்கவில்லை, வேறு யாருக்கும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கியூர்பிப்பில் தூறல், கீழே பாம்பூவில் சுள்ளென்று வெயில். போலின் காய்கறி லாரியில் பூங்காவனம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாம்பூவைத் தாண்டும்போது அம்மா இருக்கிற வீட்டைப் பார்த்தாள், இறங்கவில்லை. அந்தக் குகைப் பேச்சை எடுத்தாலே அம்மாவுக்கு முகம் சுருங்கிவிடும். கரும்புக்கு நடுவே லாரி நின்றது.

வாசலில் முனீஸ்வரன் கல், குங்குமமும் சூலமுமாக, பழைய இடத்திலேயே நின்றது. ராமசந்திரன் கற்பூரம் ஏற்றினார். ஆறுமுகம் எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தான். சாமிக்குச் சுருட்டும் ரம்மும் பிடிக்கும்; ரம் வாங்க மறந்துவிட்டார்கள். பூங்காவனம் மிசியே ரொலானின் சீசாவில் பாதியை ஊற்றினாள். மார்செல் மாதாகோயிலுக்குப் போகிறவன் என்றாலும் இங்கே பயபக்தியாகத்தான் நின்றான். தீவில் பேசுகிற கிரியோலில் மினிஸ் பிரேன்ஸ் என்று மாதாகோயில்காரர்களுக்கும் இந்தச் சாமி பழக்கம். அவன் சித்தி இதே கல்லுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள்.

எல்லாரும் கும்பிட்டார்கள். கும்பிடுவதற்கு முன் வழக்கம்போல் பூட்ஸைக் கழற்றி, ஜோடி ஜோடியாக வரிசையில் வைத்தார்கள். மூவரும் விளக்கை எடுத்துக்கொண்டு, சாமி வீட்டுக்குள் போகிற பணிவோடு தலையைக் குனிந்து உள்ளே போனார்கள். வெறுங்காலோடு.

பூங்காவனமும் வெறுங்காலோடுதான் நின்றாள். இருட்டு விளக்கை விழுங்குகிறவரை பார்த்தாள். உள்ளேயிருந்து குருவிகள் சடசடவென்று வந்தன. சிறு வயதில் இங்கே வந்து கல்லை எறிந்து, விழுகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டி நின்றது ஞாபகம் வந்தது. அப்பா போன வழியில் அவர்கள் போகிறார்கள், தான் போகவில்லை என்று நினைத்தபோது ஏக்கமாக இருந்தது. கோபமும் வந்தது. கண்ணைத் திருப்பியவள் வரிசையாக இருந்த பூட்ஸைப் பார்த்தாள். ஒழுங்காக, கோயில் வாசலில் இருப்பது போல்.

கோயில் என்றால் போன வழியாகவே திரும்பி வந்து மாட்டிக்கொள்ளலாம். இவர்கள் வெளியே வரப்போவது அந்தப் பக்கம் அல்லவா?

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அப்பாவின் பாதம் கண்முன் வந்து நின்றது. சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குள் உள்ளேயிருந்து விசில் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

விதிப்படி, பையை எடுத்துப் போக வேண்டியவன் லாரிக்காரன் போல். அவன் பையைத் தொடவில்லை. மினிஸ் பிரேன்ஸ் கூப்பிடாமல் அவர் வீட்டுக்குள் காலை வைக்க மாட்டேன் என்று பின்வாங்கினான். "பூட்ஸையாவது கோத்து எடுத்துட்டுப் போங்க, மாம்செல்," என்றான். பூங்காவனம் ஒரு ஜோடியைக் கையில் எடுத்தாள். எடுத்தபடியே நின்றாள். சாமி எதிரில் கழற்றிய தோல் பூட்ஸைச் சாமி தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு எப்படிப் போவது? மனசு ஒப்பவில்லை. கீழே வைத்துவிட்டாள். அப்போதுதான் பையில் இருந்த பலகைகள் ஞாபகம் வந்தன. மரமும் துணியும்தானே, தோல் இல்லையே. தரையில் உட்கார்ந்து, பாதத்துக்கடியில் பலகையை வைத்து, பஞ்சை அடுக்கி, முக்கோணத் துணியால் இறுக்கிக் கட்டினாள். எழுந்து நின்று மிதித்துப் பார்த்தாள். முனீஸ்வரனைப் பார்த்து, தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே குளிர்ந்தது. விளக்கு இல்லாமல் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். கூரை தலையைத் தொட்டது, பிறகு எட்டாத உயரத்துக்குப் போனது. பலகைக் கால் கல்லில் பட்டு டொக் டொக் என்று எதிரொலித்தது. அவளுக்குப் பயம் வரவேண்டியதுதான் நியாயம். வரவில்லை. வாழ்க்கையில் அப்படி ஒரு உற்சாகத்தை அவள் அதற்கு முன் அறிந்ததில்லை; ஓட வேண்டும் போல இருந்தது.

கூரை இடிந்து விழுந்திருந்த இடத்தில், கத்தி கத்தியாக நின்ற கற்களுக்கு நடுவே, விளக்கு வெளிச்சத்தில் மூவரையும் கண்டாள். மார்செலின் குதிகால் பிளந்து ரத்தம் ஓடியது. ஆறுமுகம் இரண்டு பாதத்தையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராமசந்திரன் ஒற்றைக்காலில் நின்றபடியே கௌரவத்தை விடாமல் கேட்டார்:

"மாம்செல், உங்கள வாசல்ல நிக்கச் சொன்னேனே?"

"பை வரணும்னுதானே விசில் ஊதினீங்க, மிசியே. பை வந்திருக்கு. அதுக்குக் கால் இல்ல, அதனால நான் வந்தேன்."

அவர் தூக்கிய காலைக் கீழே வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டார். எல்லாரும் மெல்லத் திரும்பிவிடலாம், இன்றைக்கு இவ்வளவுதான் என்றார். பூங்காவனம் மார்செலின் குதிகாலைக் கழுவி, அயோடின் வைத்தாள். அவன் முனகினான், சீசாவில் மிச்சமிருந்த ரம்மைக் கேட்டு வாங்கி, அதிர்ச்சி எதுவும் வருவதற்கு முன்பே குடித்துத் தீர்த்தான். திரும்பிவிடலாம் என்ற வார்த்தை அவள் நெஞ்சில் கல்லாக விழுந்திருந்தது. இவ்வளவு தூரம் வந்து திரும்பினால், அப்பா இன்னும் ஒருமுறை புளுகனாகிவிடுவார்.

அந்த நேரம் விளக்கு அணைந்தது. மையிருட்டு. மூன்று ஆண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பூங்காவனத்தின் கை மட்டும் நிற்கவில்லை. பெரிய பொத்தானைத் தடவித் துணியை எடுத்தது, பலகையைப் பாதத்தில் பொருத்தியது, சுற்றியது, முடிந்தது. மார்செல் முடிந்து, அண்ணன் காலுக்குப் போனாள். அது அவளுக்கு அடையாளம் தெரிந்த கால். கட்டிக்கொண்டே கேட்டாள்:

"விளக்க யாரு ஊதினது?"

"யாரும் ஊதல," என்றான் ஆறுமுகம். "காத்து."

"எந்தப் பக்கமிருந்து?"

ராமசந்திரன் விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். "முன்னாலேர்ந்து," என்றார். "மாம்செல், காத்து முன்னாலேர்ந்து வருது." பிறகு தன் காலையும் அவள் பக்கம் நீட்டினார். "எனக்கும் கட்டிவிடுங்க. அனு அலே."

போகலாம் என்று அவர் கிரியோலில் சொன்ன அந்த இரண்டு சொல்லை, பூங்காவனம் பிற்காலத்தில் எத்தனையோ குகை வாசலில் கேட்டாள். பூட்ஸ் வாசலில் நிற்கும், அவள் உள்ளே போவாள், அப்படித்தான் பிறகு வழக்கமானது. ஆனால் முதல் முறை கேட்டது போல் எதுவும் இல்லை.

விளக்கை ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். எட்டுப் பலகைகள் கல்லில் தட்டுகிற சத்தம் முன்னும் பின்னும் ஓடியது. கட்டு தளர்ந்த இடத்தில் உட்கார்ந்து திரும்பக் கட்டினாள். துணி தீர்ந்தபோது தன் பாவாடைக் கரையைக் கிழித்தாள். காற்று பலமாகிக்கொண்டே வந்தது. பிறகு இருட்டு சாம்பல் நிறமானது. சுரங்கம் ஒரு வளைவு திரும்பியது. மேலே ஒரு துண்டு வானம் தெரிந்தது.

பள்ளத்தின் விளிம்பில் ஓர் ஆலமரம். அதிலிருந்து தொடை கனத்துக்கு ஒரு வேர் நேராகக் கீழே இறங்கி, அவர்கள் எதிரில் தரையில் ஊன்றியிருந்தது.

ஆறுமுகம்தான் முன்னால் இருந்தான். வேரின்மேல் கையை வைத்தான். வைத்தவன் அப்படியே நெற்றியையும் அதில் வைத்துக்கொண்டு நின்றான். திரும்பியபோது முகமெல்லாம் ஈரம்.

"அப்பா பொய் சொல்லல, பூங்கா."

"தெரியும்ணே," என்றாள் அவள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். அவன் விலகி நின்று, அவளை முதலில் ஏறச் சொன்னான். அப்பா பிடித்திருக்கக்கூடிய இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே வெயிலும் கரும்பும் பாம்பூவின் கூரைகளும் ஒரே நேரத்தில் கண்ணில் விழுந்தன.

குன்றைச் சுற்றி இறங்கிக் கீழ்வாசலுக்கு வந்தபோது, அங்கே பாதி ஊர் கூடியிருந்தது. விசிலுக்குப் பிறகு உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வராமல் போகவே, போல் பயந்துபோய் ஊரைக் கூப்பிட்டுவிட்டான். எல்லாரும் குகைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து டொக் டொக் என்று சத்தம் கேட்டதும்தான் திரும்பினார்கள். கூட்டத்தில் யாரோ, எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டார்கள்.

"வேரப் புடிச்சு ஏறினோம்," என்றான் ஆறுமுகம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

ஒருவரும் சிரிக்கவில்லை. நான்கு பேரின் கால்களைப் பார்த்தார்கள், குன்றைப் பார்த்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். அவள் மகன் சொன்னதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. மகளின் பாதத்தில் துணி சுற்றியிருந்ததை மட்டும் கண்டாள். முகம் வெளிறிவிட்டது. பூங்காவனத்தை முனீஸ்வரன் பக்கத்துக் கல்லில் உட்காரவைத்து, முன்னால் குந்தி, முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். ஒன்றும் இல்லை அம்மா என்று மகள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள், பஞ்சை எடுத்தாள், பலகையை எடுத்தாள். இரண்டு பாதங்களையும் மடியில் வைத்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள்.

"ஒரு கீறல்கூட இல்ல," என்றாள் அம்மா. அப்புறம்தான் அழுதாள்.